தெய்வத்துக்கு இரண்டு இடது கால்கள்

தெய்வம் இருக்கிறதா இல்லையா என்று உலகத்தின் பெரிய மூளைகள் எல்லாம் இன்னும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கின்றன. கடைத்தெரு முனையில் இருக்கும் ஐந்து மாடிப் பேரங்காடி அந்தச் சர்ச்சையை ஒரே பலகையில் தீர்த்துவிட்டது. 'வாடிக்கையாளரே எங்கள் தெய்வம்' என்று வாசலில் பொன்னிற எழுத்தில், ஆள் உயரத்துக்கு எழுதி, விளக்கும் போட்டு வைத்திருக்கிறது. எத்தனையோ கடைகள் இப்படி எழுதுகின்றன; எழுதிய கையோடு மறந்தும் விடுகின்றன. எழுதியபடி நடந்துகொண்ட ஒரே கடை இதுதான் என்பதை, அந்தத் தெய்வங்களில் ஒருவருடைய அனுபவத்தைக் கொண்டே நிரூபித்துவிடலாம்.

அவர் ஒரு லிஃப்ட்காரர். வக்கீல்களும் ஆடிட்டர்களும் நிறைந்த பழைய கட்டடம் ஒன்றின் லிஃப்டுக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்து, "மேலயா, கீழயா?" என்று கேட்டே பாதி ஆயுளைக் கழித்தவர். மூன்றாவதாக ஒரு வார்த்தை பேச அவருக்கு அவசியம் வாய்த்ததில்லை. போன மாதம் அந்தக் கட்டடத்துக்குத் தானே பேசும் புது லிஃப்ட் வந்தது. லிஃப்ட்காரரைக் கீழே இறக்கி விட்டார்கள். மேலயா, கீழயா என்று அவரை யாரும் கேட்கவில்லை.

அலைந்து திரிந்ததில் பெரிய ஓட்டல் ஒன்றில் கதவு திறக்கும் உத்தியோகம் கிடைத்தது. வருகிறவர்களுக்குக் கதவைத் திறக்க வேண்டும், புன்னகைக்க வேண்டும், மூட வேண்டும். சீருடை ஓட்டல் கொடுக்கும். கறுப்பு ஷூவை மட்டும் அவரே கொண்டுவர வேண்டும். "திங்கக்கிழமை காலைல ஷூ இல்லாம வர்றதா இருந்தா, வரவே வேணாம். இந்த வேலைக்கு வெளியில இன்னும் பத்து பேர் நிக்கறாங்க" என்று ஓட்டல் அதிகாரி மிகுந்த 'அன்போடு' சொல்லி அனுப்பினார்.

சனிக்கிழமை மாலை, மனைவி தன் சேமிப்பையெல்லாம் துடைத்துக் கொடுக்க, லிஃப்ட்காரர் பேரங்காடிக்குப் போய் எட்டாம் நம்பர் ஷூ ஒரு ஜோடி வாங்கினார். அங்கேதான் ஒரு சின்னப் பிசகு. விற்பனையாளர் போட்டுப் பார்க்கச் சொன்னார். லிஃப்ட்காரரின் வலது கால் சாக்ஸில் ஓட்டை. கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஊர்த் துணியெல்லாம் தைத்துக் கொடுக்கும் தையல்காரி அவருடைய மனைவி. அவளிடம்கூட அதைச் சொல்லக் கூச்சப்பட்ட மனிதர். அத்தனை பளபளப்பான தரையில், அத்தனை பேர் நடுவில் அந்த விரலை அறிமுகம் செய்துவைக்க அவருக்கு மனம் வருமா? இடது காலை மட்டும் நீட்டினார். ஷூ கச்சிதமாகப் பொருந்தியது. "இன்னொண்ணும் இதே மாதிரிதான் சார்" என்றார் விற்பனையாளர். அவர் பொய் சொல்லவில்லை.

வீட்டில் டப்பாவைத் திறந்ததும் மனைவி ஷூக்களை ஒரு பார்வை பார்த்தாள். ஆட்களை அளந்து அளந்து பழகிய கண் அது.

"ரெண்டும் ஒரே பக்கம் பாக்குதுங்க."

"புதுசுல அப்படித்தான் இருக்கும். போகப் போகச் சரியாயிடும்."

"எது? உங்க வலது கால் போகப் போக இடது காலாயிடுமா?"

ஷூவை மாற்றி வாங்கத் திட்டம் போட்டது மனைவிதான். கையில் எடுத்துக்கொண்டு போனால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், காலில் மாட்டிக்கொண்டே போங்கள், நீங்கள் நடக்கிற அழகைப் பார்த்தாலே எவனுக்கும் புரிந்துவிடும் என்றாள். அப்படியும் புரியவில்லை என்றால் என்ன செய்வது என்று இவர் கேட்டார். "வாயத் திறந்து கேளுங்க. அங்க போய் மேலயா கீழயான்னு நிக்காதீங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை லிஃப்ட்காரர் கிளம்பினார். நேராகப் போக நினைத்தாலும் கால்கள் இடது பக்கமே இழுத்தன. வழியில் ஒரு மருந்துக்கடைக்குள்ளும் ஒரு முடிதிருத்தும் நிலையத்துக்குள்ளும் வேலையில்லாமல் நுழைந்து, மன்னிப்புக் கேட்டுத் திரும்பி, ஒருவழியாகப் பேரங்காடி வந்து சேர்ந்தார்.

பொருள் வாங்குவதற்கு அங்கே ஐந்து மாடிகள். திருப்பிக் கொடுப்பதற்குத் தரைக்குக் கீழே, வண்டி நிறுத்தும் இடத்தை ஒட்டி ஒரு மூலை. அதற்கு 'வாடிக்கையாளர் ஆனந்தப் பிரிவு' என்று பெயர். உண்மையான ஆனந்தம் ஆழத்தில்தான் இருக்கும் என்பதை அறிந்தவர்கள் கட்டிய கடை. "கீழே செல்கிறது" என்று லிஃப்டில் ஒரு பெண் குரல் சொன்னது. தன் முக்காலியைப் பறித்த அதே குரல் என்று லிஃப்ட்காரருக்குத் தோன்றியது. இருந்தாலும் மரியாதைக்குத் தலையாட்டிவைத்தார்.

கவுண்டரில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு 'ஆனந்த அலுவலர்' என்று பதவி. காலையில் மாட்டிய புன்னகையை மாலையில்தான் கழற்றுவார் போலிருந்தது. பில் இருக்கிறதா என்று கேட்டார், இருந்தது. டப்பா இருக்கிறதா என்று கேட்டார். அதையும் லிஃப்ட்காரர் கக்கத்தில் இடுக்கி வந்திருந்தார். மறுத்து அனுப்ப வழக்கமாக இருக்கும் இரண்டு வாசல்களும் இப்படி அடைபட்டதும் ஆனந்த அலுவலருக்கே கொஞ்சம் யோசனை தேவைப்பட்டது. ஷூக்களைக் கழற்றி வைக்கச் சொன்னார். லிஃப்ட்காரர் கழற்றி வைத்துவிட்டு வலது காலைக் கவுண்டருக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். அலுவலர் ஒன்றை எடுத்துப் புரட்டினார்.

"இதுல என்ன குறை சார்?"

"அதுல ஒண்ணும் இல்லம்மா. நல்ல ஷூ."

'குறை இல்லை' என்று கணினியில் தட்டிவிட்டு இரண்டாவதை எடுத்தார். "இதுல?"

"அதுவும் நல்ல ஷூதாம்மா. ஆனா ரெண்டும் இடது கால்."

"அப்ப இதுலயும் குறை இல்ல." அதையும் தட்டினார். "சார், நாங்க குறையுள்ள பொருளை மட்டும்தான் திருப்பி வாங்குவோம். ரெண்டு நல்ல ஷூ சேர்ந்து ஒரு கெட்ட ஜோடி எப்படி ஆகும், சொல்லுங்க?"

லிஃப்ட்காரர் யோசித்துப் பார்த்தார். மறுக்க முடியாத நியாயமாகத்தான் பட்டது. ஆனால் வலது கால் சம்மதிக்கவில்லை. கடையில் ஏன் போட்டுப் பார்க்கவில்லை என்று அலுவலர் கேட்க, இவர் பொய் சொல்லத் தெரியாமல் சாக்ஸ் ஓட்டையைப் பற்றி மெல்லிய குரலில் ஒப்புக்கொண்டார். 'குறை: வாடிக்கையாளரின் சாக்ஸில்' என்று பதிவானது. ஆக, குறை எங்கே இருக்கிறது என்பதைக் கடை கண்டுபிடித்தே விட்டது. அதோடு, இதை ஒரு புகாராகவே எடுத்துக்கொண்டிருப்பதாகவும், மேலாளரை அழைத்து வருவதாகவும், அதுவரை ஷூவைப் போட்டுக்கொண்டு ஆனந்தமாக இருக்கும்படியும் சொல்லிவிட்டு அலுவலர் எழுந்து போனார்.

லிஃப்ட்காரர் ஷூக்களை மாட்டிக்கொண்டு, ஓரத்தில் கிடந்த நாற்காலியைப் பார்த்து நேராக நடந்தார். அதாவது, இடது பக்கமாக. அதே சமயம் எதிர்ச் சுவரோரமாகக் கவுண்டருக்கு வந்துகொண்டிருந்த ஒரு தடித்த மனிதர் வலது பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்தார். இருவருக்கும் ஒதுங்கத்தான் ஆசை, கால்கள் விடவில்லை. நடுக்கூடத்தில் நெஞ்சோடு நெஞ்சு மோதி, இரண்டு பேரும் பொத்தென்று தரையில் உட்கார்ந்தார்கள்.

உட்கார்ந்த இடத்தில் நான்கு கால்களும் எதிரெதிரே நீட்டிக்கொண்டிருந்தன. வந்தவர் ஒரு பேண்டு வாத்தியக் குழுவில் டிரம்பெட் ஊதுகிறவர். அன்று சாயங்காலம் மேடை. அவரும் நேற்றுத்தான் இங்கே கறுப்பு ஷூ வாங்கியிருந்தார். லிஃப்ட்காரரின் பாதங்களையும் தன் பாதங்களையும் மாறி மாறிப் பார்த்தவருக்குக் கண் விரிந்தது.

"அண்ணே, உங்களுது எத்தனாம் நம்பர்?"

"எட்டு."

"எனக்கும் எட்டுதான்."

அதற்கு மேல் பேச்சு வளரவில்லை. டிரம்பெட்காரர் தன் இடது காலில் இருந்ததைக் கழற்றி நீட்டினார். லிஃப்ட்காரர் தன் வலது காலில் இருந்ததைக் கழற்றி, கட்டைவிரலைக் கையால் பொத்திக்கொண்டே கொடுத்தார். மாட்டிக்கொண்டு எழுந்தார்கள். லிஃப்ட்காரர் ஒரு அடி வைத்தார். இன்னொரு அடி வைத்தார். கால் சொன்ன பேச்சைக் கேட்டது. கூடத்தின் அந்தக் கோடிவரை கோடு போட்ட மாதிரி நேராக நடந்துபோய்த் திரும்பி வந்தார். நாளைக்குத் திறக்கப்போகிற ஓட்டல் கதவு அவர் கண்ணுக்கே தெரிந்தது. இத்தனை சந்தோஷம் அவருக்கு எத்தனையோ காலமாகக் கிடைத்ததில்லை. ஆனந்தப் பிரிவில் ஆனந்தம் நிகழ்ந்தது அதன் சரித்திரத்தில் அதுவே முதல் தடவையாக இருக்க வேண்டும்.

ஆனால் அது அனுமதி இல்லாமல் நிகழ்ந்துவிட்டது. மேலாளரும் ஆனந்த அலுவலரும் ஒரு காவலாளியும் வந்தபோது இருவரும் கையும் களவுமாக, இல்லை, காலும் களவுமாகப் பிடிபட்டார்கள்.

மேலாளர் கோபப்படவில்லை. தெய்வத்தின் மேல் யாராவது கோபப்படுவார்களா? முகத்தில் துயரம்தான் தெரிந்தது. ஒவ்வொருவர் காலிலும் இப்போது அடுத்தவர் பில்லில் உள்ள பொருள் இருக்கிறது என்பதை எடுத்துச் சொன்னார். கடைக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே நடப்பதுதான் 'மாற்றிக்கொடுத்தல்'. வாடிக்கையாளரும் வாடிக்கையாளரும் தங்களுக்குள் செய்துகொள்வதற்குக் கடை விதிகளில் வேறு பெயர், அதைத் தன் வாயால் சொல்லப் பிடிக்கவில்லை என்றார்.

"நாங்க என்ன சார் தப்பு பண்ணினோம்?" என்று டிரம்பெட்காரர் எகிறினார். "உங்களுக்கு ஒரு பைசா நஷ்டம் உண்டா?"

மேலாளர் கை கூப்பினார். "நீங்க எங்க தெய்வம் சார். தெய்வம் கேட்டு நாங்க இல்லன்னு சொல்வோமா? ஆனா தெய்வமும் தெய்வமும் நேரடியா கொடுக்கல் வாங்கல் வச்சுக்கிட்டா, நடுவுல கடைன்னு ஒண்ணு எதுக்கு?"

பிரச்சினைக்குரிய நான்கு ஷூக்களும் ஆய்வுக்கு அனுப்பப்படும், முடிவு வர ஒரு மாதமாவது ஆகும் என்றார் அவர். லிஃப்ட்காரருக்கு மனைவி சொன்னது நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்தார்.

"சார், நான் நாளைக்கு வேலைல சேரணும். ஷூ இல்லன்னா வேலை இல்ல. இனி வாங்கறதுக்கு எங்க வீட்டுல காசும் இல்ல. எனக்கு நீங்க எதுவும் மாத்தித் தர வேணாம். புகாரும் வேணாம், நான் வாபஸ் வாங்கிக்கறேன். கால்ல இருக்கறத அப்படியே விட்டுடுங்க, போதும்."

வாழ்நாளில் அவர் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான். மேலாளர் முழுவதையும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு கவுண்டருக்கு மேலே மாட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினார். இந்தப் பிரிவில் ஒருமுறை கொடுக்கப்பட்ட எதையும் திருப்பிப் பெற இயலாது என்று அதில் போட்டிருந்தது.

"புகாரும் அதுல அடக்கம் சார்" என்றார் மேலாளர்.

அதன் பிறகு நடந்ததைத்தான் பொன் எழுத்தில் எழுத வேண்டும். தெய்வங்களை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். காவலாளி ஒருவர் காலடியிலும் ஆனந்த அலுவலர் இன்னொருவர் காலடியிலும் மண்டியிட்டார்கள். கயிற்றை அவிழ்த்து, வலிக்காமல், பக்தியோடு கழற்றினார்கள். இரண்டு நாளாக மறைத்து வைத்திருந்த கட்டைவிரல் எல்லோர் முன்னாலும் வெளியே வந்தது. 'அதுதானா அந்தக் குறை' என்கிற மாதிரி மேலாளர் அதைக் குனிந்து பார்த்தார். பிறகு இடது ஷூக்கள் இரண்டையும் லிஃப்ட்காரரின் டப்பாவிலும், வலது ஷூக்கள் இரண்டையும் புது டப்பா ஒன்றிலும் வைத்து, பழையபடி தப்பாக ஜோடி சேர்த்து, ஒட்டு நாடா போட்டு மூடினார்கள். மூன்றாம் மாடியில் ஷூக்களுக்கு இன்று தள்ளுபடி உண்டு என்று மேலாளர் போகிற போக்கில் நினைவூட்டினார்.

"மேலே செல்கிறது" என்றது லிஃப்ட். டிரம்பெட்காரர் வழியெல்லாம் பொரிந்து தள்ளினார். லிஃப்ட்காரர் சாக்ஸைக் கழற்றிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு வெறுங்காலோடு நின்றார். திங்கட்கிழமை திறக்க வேண்டிய கதவு இனி வெளியே நிற்கும் அந்தப் பத்து பேரில் ஒருவருக்கு. மனைவியிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

கடையின் கண்ணாடிக் கதவருகே வந்தபோது, வெளியே படியேறி ஒரு அம்மாள் வந்துகொண்டிருந்தார். கையில் இஸ்திரிப் பெட்டி. ஒயர் தரையில் இழுபட்டது. நேற்று முழுக்க வீட்டுக் கண்ணாடி முன்னால் கதவு திறப்பதாகப் பழகிய பழக்கம், லிஃப்ட்காரரின் கை தானாகப் போய்க் கதவைத் திறந்தது. உடம்பு லேசாக வளைந்தது. முகத்தில் அளவான புன்னகை வந்தது. எந்தப் பெரிய ஓட்டலும் அதில் ஒரு குறை சொல்லியிருக்க முடியாது.

அம்மாள் உள்ளே வரவில்லை. முதலில் அவருடைய வெறுங்காலைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற டிரம்பெட்காரரின் வெறுங்காலைப் பார்த்தார். நிமிர்ந்து, தெய்வம் என்று மின்னிய பொன்னிற எழுத்தையும் பார்த்தார். சட்டென்று பயபக்தி வந்துவிட்டது.

"ஏம்பா, உள்ள போறதுக்கு செருப்பைக் கழட்டணுமா?"

"வேணாம்மா, அப்படியே போங்க" என்றார் லிஃப்ட்காரர். "உள்ள அவங்களே கழட்டிக்குவாங்க."