தங்கத் தங்கத் தங்கம்

இனி ஒரே ஒரு ஹோட்டல் கம்பெனிக்குத்தான் விசுவாசமாக இருப்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் துலக்கும்போது முடிவெடுத்தேன். பெரிய முடிவுகளை எல்லாம் நான் பல் துலக்கும்போதுதான் எடுப்பது வழக்கம். வீட்டில் என் பேச்சை யாரும் குறுக்கே வெட்டாத நேரம் அது ஒன்றுதான்.

வாயைக் கொப்பளித்த கையோடு சமையலறைக்குப் போய் அறிவித்தேன்.

"இனிமே நான் விசுவாசமா இருக்கப்போறேன்."

காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியின் கத்தி நின்றது. "அப்ப இத்தனை நாளா?"

"ஐயோ, உனக்கு இல்லம்மா. ஹோட்டலுக்கு!"

"ஓ. எனக்கு இல்லையா?"

ஒரு விஷயத்தை ஆரம்பத்திலேயே சிக்கலாக்குவதில் எனக்கு நிகர் நான்தான். நிதானமாக விளக்கினேன். இப்போதெல்லாம் ஹோட்டல் கம்பெனிகள் உறுப்பினர் அட்டை தருகின்றன. தங்கத் தங்கப் பாயிண்ட். பாயிண்ட் சேரச் சேர முதலில் வெள்ளி, பிறகு தங்கம், அதற்கு மேல் பிளாட்டினம். தங்கினால் தங்கம்! நாய்க்கு அடுத்தபடியாக விசுவாசத்தின் அருமை தெரிந்தது ஹோட்டல்காரனுக்குத்தான்.

"யார் சொன்னது? எதிர் வீடா?"

கண்டுபிடித்துவிட்டாள். எதிர் பிளாட்காரர் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. மாதத்தில் பாதி நாள் வெளியூர். அவரிடம் தங்க அட்டை இருக்கிறது. குப்பை கொட்ட வரும்போதுகூடச் சட்டைப்பையில் அது எட்டிப்பார்க்கும். சென்ற மாதம் மனைவியோடு கடலோர ஹோட்டலில் சும்மாவே தங்கிவிட்டு வந்து, ஜன்னலைத் திறந்தால் அலை என்று படியில் நின்று கதை அளந்தார். எனக்கு வயிறு எரிந்தது. கல்யாணமான புதிதிலேயே கடலோர ஹோட்டலில் தங்க வைக்கிறேன் என்று இவளுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த வாக்கு இன்னும் வாக்காகவே இருக்கிறது.

"அவருக்குக் கம்பெனி செலவு பண்ணுது. ஊர் ஊரா சுத்துறாரு. நாம வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போறவங்க. நமக்கு எப்படிங்க பாயிண்ட் சேரும்?"

"அதுக்குத்தான் திட்டம் வேணும்ங்கறது. உன்னைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போகாம விடமாட்டேன்."

அவள் பெருமூச்சு விட்டாள். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றபடியே ஊருக்குப் பதில் சொல்கிற வேலை அவளுக்கு. வீட்டுக்கு வந்தால் எனக்குப் பதில் சொல்கிற வேலை.

"எனக்குக் கடல்கூட வேணாம்ங்க. 'ஏம்மா, ஏம்மா'ன்னு யாரும் கூப்பிடாம ரெண்டு நாள் கிடைச்சா போதும்."

"அதேதான் நானும் சொல்றேன். அலை சத்தத்துல நான் கூப்பிட்டா உனக்குக் கேக்கவே கேக்காது. ஏம்மா, என் கண்ணாடி எங்க?"

"மூக்குல."

சாப்பாட்டு மேசையில் ஆராய்ச்சியைத் தொடங்கினேன். உப்பு டப்பா, தண்ணீர் ஜாடி, சர்க்கரைக் கிண்ணம் மூன்றையும் வரிசையாக வைத்தேன். மூன்றும் மூன்று கம்பெனி.

"உப்பு டப்பாதான் போர்டுல கிரீடம் போட்ட ஹோட்டல். எங்க பாத்தாலும் இருக்கு. ஆனா ஒரு வருஷம் தங்கலேன்னா சேத்த பாயிண்ட் எல்லாம் காலாவதி. ஜாடி, கிளி போட்டது. பாயிண்ட்டை அள்ளிக் குடுப்பான். செலவழிக்கப் போனா அன்னிக்கு மட்டும் ரூம் காலி இருக்காது. சர்க்கரைக் கிண்ணம், நங்கூரம் போட்டது. இவனுக்குத்தான் கடலோரத்துல ஹோட்டல் இருக்கு."

"நாம போக நினைக்கிற இடத்துல எவன் ஹோட்டல் வச்சிருக்கானோ அவன்கிட்ட சேருங்க. இதுக்கு எதுக்கு இத்தனை பாத்திரம்?" என்று சொல்லி, உப்பு போதவில்லை என்று கிரீட ஹோட்டலைத் தூக்கித் தட்டில் கொட்டிக்கொண்டாள்.

நங்கூரத்தில் சேர்ந்தேன். அந்த வருட விடுமுறைக்கு அவள் அக்கா வீட்டுக்குப் போனோம். போனது அக்கா வீடு, தங்கியது நங்கூரம். அக்கா எங்களுக்கென்று புது மெத்தை எல்லாம் வாங்கிப் போட்டிருந்தாராம். இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அதற்கும் ஏதாவது பாயிண்ட் கொடுத்திருக்கலாம்.

வருடம் முடியப்போகிற சமயத்தில் கணக்குப் பார்த்தேன். வெள்ளியைத் தாண்டவில்லை. தங்கம் ஆக வேண்டுமானால் இன்னும் பல ராத்திரிகள் தங்க வேண்டும். ஆகாவிட்டால் புது வருடத்தில் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். என் உத்தியோகம் லிப்ட் பராமரிப்பு. மேலே போவதும் கீழே வருவதும் எனக்குப் பழக்கம்தான். ஆனாலும் பாதியில் நிற்பது மட்டும் பொறுக்காது.

அப்போதுதான் யோசனை உதித்தது. நங்கூரத்துக்கு எங்கள் ஊரிலேயே ஒரு கிளை இருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம். வீட்டிலிருந்து நடந்தே போகலாம். சனி, ஞாயிறு அங்கே தங்கினால் என்ன? சொந்த ஊரில் வீட்டை வைத்துக்கொண்டு ஹோட்டலில் தங்குவதா என்று இவள் சாமியாடப் போகிறாள் என்று பயந்துகொண்டே சொன்னேன்.

அவள் சாமியாடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ரெண்டு பேரும் தங்கணுமா, மெம்பர் மட்டும் தங்கினா போதுமா?"

"மெம்பர் தங்கினா போதும்."

"அப்ப நீங்க மட்டும் போய்ட்டு வாங்க. நான் வீட்டைப் பாத்துக்கறேன்."

எவ்வளவு ஆகும் என்றுகூடக் கேட்கவில்லை. கொத்தமல்லிக் கட்டுக்குப் பேரம் பேசுகிறவள் ஹோட்டல் ரூமுக்கு விலை கேட்கவில்லை என்றால் நான் அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். நானோ உருகிவிட்டேன். புருஷன் தங்கம் ஆக வேண்டும் என்பதற்காகத் தனிமையை ஏற்றுக்கொள்கிறாளே, எந்தப் புண்ணியத்தில் இப்படிப்பட்டவள் வாய்த்தாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை நான் குளித்துவிட்டு வருவதற்குள் பை வாசலில் இருந்தது. ஹோட்டலில் பையைத் திறந்ததும் அசந்துபோனேன். சீப்பு, துண்டு, தைலம், போன் சார்ஜர், தலைவலி மாத்திரை, பட்டன் தைக்க ஊசி நூல் முதற்கொண்டு எல்லாம் இருந்தன. எதற்காகவும் நான் வீட்டுக்குப் போன் செய்யத் தேவையே இல்லை. என்ன கரிசனம்! நன்றி சொல்லலாம் என்று போன் செய்தேன். எடுக்கவில்லை. பாவம், என்ன வேலையோ.

வரவேற்பில் இருந்த பெண் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "சார், இதே ஊரா?" என்று கேட்டிருந்தாள்.

"இதே ஊர்தான்மா. நடந்தேதான் வந்தேன்."

அவள் என் பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். குரல் சட்டென்று இறங்கியது. "டீ, காபி ஏதாவது வேணுமா சார்?"

அடுத்த சனிக்கிழமை, "இந்த வாரமுமா சார்?" என்றாள்.

"வருஷக் கடைசி வரைக்கும் இப்படித்தான்மா."

"அவ்வளவு தூரம் போயிடுச்சா?"

"என்ன பண்றது, வெள்ளியிலேயே நின்னுட்டேன்."

அவளுக்கு அது புரிந்த மாதிரி தெரியவில்லை. அதற்கடுத்த வாரம் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள். "தப்பா நினைக்காதீங்க சார். பேசித் தீத்துக்க முடியாத விஷயம்னு ஒண்ணு உண்டா? மேடம் நம்பர் குடுங்க, நானே பேசறேன்."

"அவகிட்ட பேச என்ன இருக்கு? அவளே பையைக் கட்டி வாசல்ல வச்சிட்டா."

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு எனக்கு மேல்மாடியில் நல்ல ரூமாகக் கொடுத்தாள். சாயங்காலம் ஒரு தட்டு நிறையப் பழம் அனுப்பினாள். அடடா, தங்கம் ஆவதற்கு முன்பே தங்கத்துக்கு உண்டான மரியாதை ஆரம்பித்துவிட்டதே என்று பூரித்துப்போனேன். தனியாக எப்படிச் சாப்பிடுவது? இலவசமாக வருவதை ஒருபோதும் விடக்கூடாது, வந்ததைத் தனியாகத் தின்னவும் கூடாது என்பது என் கொள்கை. தட்டோடு வீட்டுக்கு நடந்தேன்.

எங்கள் பிளாட் தரைத்தளம். கதவைத் தட்டப் போனவன் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தேன்.

என் சோபாவில் மனைவி படுத்திருந்தாள். கால் இரண்டும் சோபாவின் கைப்பிடிக்கு மேலே. வயிற்றின் மேல் கடையில் வாங்கிய சாப்பாட்டு டப்பா. போன் கவிழ்ந்து கிடந்தது. டிவி ஓடவில்லை. அவள் எதையும் பார்க்கவும் இல்லை. மின்விசிறியைப் பார்த்தபடி சும்மா கிடந்தாள். வரவேற்பறையில் அவள் படுத்து நான் பார்த்ததே கிடையாது. அங்கே அவள் உட்கார்ந்ததாகக்கூட நினைவில்லை. நான் இல்லாமல் எப்படி இடிந்து கிடக்கிறாள்! சமைக்கவும் மனசில்லை. பேசவும் ஆளில்லை. வெறித்துப் பார்க்கிறாளே!

உள்ளே போயிருப்பேன். போனால் மனசு இளகி அங்கேயே தங்கிவிடுவேன், அன்றைய ராத்திரி கணக்கில் சேராது. திரும்பி நடந்தேன். வழியில் பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்து பழம் அத்தனையையும் அழுதுகொண்டே நானே சாப்பிட்டேன். உன் தவம் வீண்போகாது என்று அவளுக்கு மனசுக்குள் சத்தியம் செய்தேன்.

வருடம் முடிவதற்குள் தங்கம் ஆகிவிட்டேன். அட்டை வந்த அன்றைக்கு முதலில் எதிர் பிளாட்காரர் கண்ணில் படும்படி இரண்டு தடவை குப்பை கொட்டினேன். பிறகு மனைவியிடம் நீட்டினேன்.

"இந்தா. கடலோர ஹோட்டல்ல நமக்கு இலவசத் தங்கல். காலைச் சாப்பாடு இலவசம். ரூம்ல பழத்தட்டு. கூட்டம் இல்லாத சீசன்னா இன்னொரு ரூமும் இலவசம். இனிமே நான் ஒரு சனிக்கிழமைகூட வெளிய தங்கவேண்டியதில்லை!"

கடைசி வாக்கியத்துக்கு அவள் முகம் கொஞ்சம் வாடியது. சந்தோஷத்தில் சிலருக்கு அப்படி ஆகும்.

"இன்னொரு ரூம்னா? அதுவும் கடலைப் பாத்த மாதிரியா?"

"ஆமா."

"கூட்டம் இல்லாத சீசன் எப்பங்க?"

அக்காவைக் கூப்பிட்டு எனக்கும் அவருக்கும் சமாதானம் செய்து வைக்கப்போகிறாள் என்று புரிந்துகொண்டேன். குடும்பம் என்றால் இவள்தான் குடும்பம்.

போனோம். வாசலில் இறங்கும்போதே உப்புக் காற்று. வரவேற்பில் இரண்டு சாவி கொடுத்தார்கள். இரண்டையும் அவளே வாங்கி, ஒன்றை என் கையில் வைத்தாள்.

"இது உங்களது."

"சரி. அக்கா எப்ப வராங்க?"

"அக்காவா? அவ எதுக்கு?"

"அப்ப அந்தச் சாவி?"

"எனது. பக்கத்து ரூம்."

"ஏம்மா, புருஷன் பொண்டாட்டிக்கு எதுக்கு ரெண்டு ரூம்?"

"இலவசமா வர்றதை ஒருபோதும் விடக்கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

கதவு சாத்திக்கொண்டது. கைப்பிடியில் ஓர் அட்டை ஆடியது: 'தயவுசெய்து தொந்தரவு செய்யாதீர்கள்.'

முதலில் கோபம் வந்தது. பிறகு துக்கம் வந்தது. பிறகு பசி வந்தது. துண்டைத் தேடினேன், நானே கண்டுபிடித்தேன். கண்ணாடியைத் தேடினேன், மூக்கில் இருந்தது. பழத்தட்டு என் ரூமில் ஒன்று, அவள் ரூமில் ஒன்று. சுவரில் காதை வைத்துக் கேட்டேன். அலை சத்தம்தான் கேட்டது.

சாயங்காலம் பால்கனியில் போய் நின்றேன். பக்கத்துப் பால்கனியில் அவள் வந்து நின்றாள். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். தலைமுடி காற்றில் பறந்தது. அன்றைக்கு ஜன்னல் வழியாக நான் பார்த்தது இந்த முகத்தைத்தான். இடிந்து கிடந்தாளாம்! தவமாம்! என் மூளையை எந்த லிப்ட்டில் வைத்து எந்தப் பள்ளத்தில் இறக்குவது?

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். அவளை அவ்வளவு அழகாகப் பார்த்துப் பல வருடமாகியிருந்தது. கைப்பிடிச் சுவருக்கு மேலாக எட்டி எனக்கு ஒரு கோப்பைத் தேநீர் நீட்டினாள். பேச ஆரம்பித்தாள். கடைக்கு வருகிற கிறுக்கு வாடிக்கையாளர்கள், சின்ன வயதில் நீச்சல் கற்றுக்கொள்ளப் போய் மூழ்கக் கற்றுக்கொண்ட கதை, என்னென்னவோ சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டில் ஒரு மாதத்தில் பேசாததை அந்த ஒரு மணி நேரத்தில் பேசினோம். கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று நிமிர்ந்து நின்றேன்.

"உனக்கு சந்தோஷம்தானேம்மா?"

"ரொம்ப சந்தோஷம்ங்க. நிஜமாவே."

"என்னால உனக்கு இன்னும் ஏதாவது பண்ண முடியும்னா சொல்லு. தயங்காம சொல்லு."

அவள் கடலைப் பார்த்தாள். என் பால்கனிக்கும் அவள் பால்கனிக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தாள். பிறகு மிகவும் அன்பாகக் கேட்டாள்.

"ஏங்க, பிளாட்டினம் ஆயிட்டீங்கன்னா ரெண்டாவது ரூமை வேற மாடியில தருவாங்களா?"