டைகரின் காலும் என் தாவணியும்

தனிமை மனிதரைப் பக்குவப்படுத்தும் என்று யாராவது மேடையில் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். என்னை அது பக்குவப்படுத்தவில்லை. ஒரு நாயின் முன்னங்காலோடு சேர்த்து ஒட்டிவைத்தது. அதுவும் ஓர் அரசாங்க அதிகாரியின் கண்ணெதிரே.

இலங்கையில் அறுபதுகளின் தொடக்கம். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், அடுத்தடுத்து ஒட்டிய காம்பரா அறைகளாலான எங்கள் லயம். எஸ்.எஸ்.ஸி. சோதனை தேறிய பெண் அந்த லயத்தில் நான் ஒருத்திதான் என்பதால், தரையில் கால் படாமல் நடந்துகொண்டிருந்த காலம். நர்ஸாக வேண்டும் என்று ஆசை. விசாரித்த இடத்திலெல்லாம் முதல் கேள்வியே, “பிரஜாவுரிமை இருக்கா?” என்பதுதான். இந்தியாவிலிருந்து வந்த குடும்பம் என்று அப்பாவுக்கு இல்லை. இங்கேயே பிறந்த எனக்கும் இல்லை. (எங்கள் மாட்டுக்கும் இல்லை. ஆனால் அதை யாரும் கேட்கவில்லை.)

அப்பா தோட்டத்துக் கடிதப்பையைச் சுமக்கும் தப்பால்காரர். கடிதங்களோடு ஊர்ச் செய்திகளும் அவரிடம் வந்து சேரும். ஒருநாள் ஈரக் கம்பளியை உதறிக்கொண்டே சொன்னார்:

“நுவரெலியாவுல ஒரு நாய் டாக்டர் இருக்காராம். கைவேலைக்குப் படிச்ச பொண்ணு ஒண்ணு வேணுமாம்.”

அம்மா அடுப்பிலிருந்து திரும்பினார். “இத்தனை படிப்பு படிச்சது நாய்க்கு ஊசி போடவா?”

“மனுசனுக்குப் போட விட மாட்டேங்கிறாங்களே. நாய்க்காவது போடட்டும்.”

இப்படித்தான் என் எதிர்காலம் முடிவானது.

டாக்டர் ஓய்வுபெற்றவர், ஐரோப்பிய வழிவந்த பறங்கியர். மெலிந்து, உயர்ந்து, மழைக்கால மரம் மாதிரி இருப்பார். தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார். முதல் நாளே ஆங்கிலத்தில் மெதுவாக விளக்கினார். கால்நடை ஆஸ்பத்திரி உதவியாளர் பயிற்சிக்கு நேர்வழியில் எனக்கு இடம் கிடைக்காது. ஆனால் தன்னிடம் ஒழுங்காக வேலை பழகினால், தனக்குத் தெரிந்த அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் பக்கவாசல் ஒன்று திறக்கலாம். “திறக்கலாம்” என்பதை அவர் அழுத்திச் சொன்னார். என் காதில் “திறக்கும்” என்றுதான் விழுந்தது.

வேலை பிடித்திருந்தது. நாய்க்கு வாய்க்கட்டுப் போட, பூனையைத் துணியில் சுருட்டிப் பிடிக்க, கருவிகளைக் கொதிக்கவைக்க எல்லாம் சீக்கிரமே வந்துவிட்டது. வராதது ஒன்றுதான்: பேச ஆள்.

லயத்தில் பக்கத்துக் காம்பராவில் ஒருவர் இருமினால் நாங்கள் இங்கிருந்தே, “சுடுதண்ணி குடிங்க” என்று குரல் கொடுப்போம். நுவரெலியாவில் எனக்குக் கொடுத்த அறையில் நானே இருமி நானே கேட்க வேண்டியிருந்தது. டாக்டருக்குத் தமிழ் தெரியாது. சமையல்காரி மெனிக்கேவுக்குச் சிங்களம் மட்டும். எனக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல் “ஓவ்”, அதாவது ஆமாம். அவர் எதைக் கேட்டாலும் “ஓவ்” என்பேன். தட்டில் மிளகாயும் தேங்காயும் இடித்த சம்பல் வந்து விழும். வாய் எரிய எரிய அதற்கும் “ஓவ்” என்பேன். என்னை அவர் சம்பல் பைத்தியம் என்று நினைத்திருக்க வேண்டும். பின்னேரம் பனி இறங்கி எதிர்வீடு மறைந்துபோகும்போது, என் பெயரை நானே ஒருதரம் சொல்லிப் பார்ப்பேன். “பாக்கியம்.” பதில் வராது.

அப்போதுதான் டைகர் வந்தான்.

பெயர்தான் புலி. ஆள் கறுப்பு லாப்ரடார். அக்கரப்பத்தனையில் எங்களுக்குப் பக்கத்துத் தோட்டத்துத் துரையின் நாய். ஜீப்பிலிருந்து குதித்து முன்னங்கால் எலும்பை முறித்துக்கொண்டிருந்தான். டாக்டர் மாவுக்கட்டுப் போட்டு, எலும்பு கூடும்வரை எங்களோடு வைத்துக்கொண்டார்.

“சிட்,” என்றார் டாக்டர். நாய் அவரை வெறுமனே பார்த்தது. மெனிக்கே சிங்களத்தில் ஏதோ சொன்னார். காது ஆடியதே தவிர ஆள் அசையவில்லை. நான் சும்மாதான் சொன்னேன், “உக்காருடா.”

உட்கார்ந்துவிட்டான்!

துரை வீட்டு நாயாக இருந்தால் என்ன, பங்களாவில் அவனை வளர்த்தது சமையல்காரரும் தோட்டக்காரரும் டிரைவரும்தானே. அவனுக்குத் தெரிந்தது தமிழ் மட்டுமே. அந்த வீட்டில் நானும் அவனும் ஒரே சாதி.

அதன்பிறகு நான் வாயை மூடவில்லை. அம்மா வைக்கும் கருவாட்டுக் குழம்பைப் பற்றிச் சொன்னேன். டாக்டரின் மூக்கைப் பற்றிச் சொன்னேன். ராகலையில் கட்டிக்கொடுத்த என் சிநேகிதி ஒரு வரி எழுதவில்லை என்று குறைபட்டேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிடும். டைகர் தன் நல்ல காலைத் தூக்கி என் மடியில் வைப்பான். அப்படி ஒரு காது கொடுத்துக் கேட்பவரை நான் பிறகு மனிதரில்கூட அதிகம் பார்த்ததில்லை.

அதிகாரி வரும் நாள் வந்தது. நர்ஸ் என்றால் வெள்ளை என்பதால், அப்பா வாங்கி அனுப்பியிருந்த வெள்ளை வாயில் துணித் தாவணியை உடுத்தினேன். வேலை செய்யும்போது நழுவி மானத்தை வாங்கக்கூடாதே என்று தோளிலும் இடுப்பிலும் பெரிய ஊக்குகளாகக் குத்திக்கொண்டேன். (என் வாழ்க்கையில் நான் எடுத்த முன்னெச்சரிக்கைகள் எல்லாமே இந்த ரகம்தான்.)

அதிகாரி குண்டான மனிதர். வெளுத்த காற்சட்டை. விறாந்தையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டைகர் பழைய மாவுக்கட்டைக் கடித்துப் பிய்த்திருந்தான். அதை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் எனக்குச் சோதனை. டாக்டர் நாயின் தலையைப் பிடித்துக்கொண்டார். நான் பாயில் குந்தி, மாவு தடவிய துணிச்சுருள்களைத் தண்ணீரில் நனைத்து, காலைச் சுற்றிச் சுற்றிக் கட்டினேன். ஒரு சுருக்கம் இல்லை. ஈரக் கையால் மேலே தடவி மினுக்கினேன். அதிகாரி குனிந்து பார்த்து, “குட்,” என்றார். டாக்டர் முகத்தில் ஒரு சிரிப்பு கீற்றாக வந்துபோனது.

மாவு சூடேறி இறுகியது.

“எழுந்து நில்,” என்றார் அதிகாரி; எங்கள் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். “சில கேள்விகள் கேட்க வேண்டும்.”

எழுந்தேன். பாதியில் ஏதோ பிடித்து இழுத்தது. கீழே பார்த்தேன். என் தாவணி முந்தானை டைகரின் கட்டுக்குள் அழகாகப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளைத் துணிமேல் வெள்ளை மாவு. சுற்றிய எனக்கும் தெரியவில்லை, பார்த்த அவர்களுக்கும் தெரியவில்லை. மறுபடி குந்தினேன்.

“நிற்கச் சொன்னேன்.”

“வேண்டாம் சேர். இப்படியே சொல்றேன்.”

“ஏன்?”

“நாய் பயப்படும் சேர்.”

டைகர் கொட்டாவி விட்டான்.

தாவணியை அவிழ்த்துப் போட முடியுமா? எதிரே ஆண்கள் இருவர். ஊக்குகளோ இரும்பு. ஆகவே பல்லைக் காட்டியபடி குந்தியே பதில் சொன்னேன். காய்ச்சல் பார்ப்பது எப்படி, புண் கழுவுவது எப்படி, எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். என்னைக் கிறுக்கி என்று நினைத்தாலும் பரவாயில்லை, இவர்கள் தேநீர் குடிக்க உள்ளே போனதும் கத்தரிக்கோலைத் தேடிக்கொள்ளலாம் என்பது என் திட்டம். மெனிக்கே தேநீர்த் தட்டோடு வந்துகொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு ஜீப் நின்றது. டைகரை அழைத்துவரலாமா என்று பார்த்துவர துரை அனுப்பிய டிரைவர் இறங்கி, விறாந்தையைக்கூடப் பார்க்காமல் உரக்கக் கூப்பிட்டார்:

“டேய் டைகரு! வாடா என் ராசா, வீட்டுக்குப் போவோம்!”

டாக்டரின் பிடியை உதறிக்கொண்டு டைகர் பாய்ந்தான். மூன்று காலில் ஒரு நாய் அவ்வளவு வேகமாக ஓடும் என்பதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. பின்னாலேயே இடுப்பொடிய வளைந்து நான். மெனிக்கே அலற, தட்டு பறந்தது. தேநீர் அதிகாரியின் காற்சட்டையில் இறங்கியது. டாக்டர் ஆசையாக வளர்த்த டேலியாப் பாத்தியை நாங்கள் இருவரும் உழுதுகொண்டு போனோம். டைகர் ஜீப்பின் பின்புறம் தாவினான். எனக்கும் ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. ஏறினேன்.

டிரைவர் வாயைப் பிளந்து நின்றார். என் வயதிலும் சற்றுக் கூடிய இளைஞர்.

“யாருங்க நீங்க?”

தாவணி ஒட்டிக்கொண்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்ததோ வேறு.

“அக்கரப்பத்தனைக்கா போறீங்க? நானும் வர்றேன்.”

சொல்லிவிட்டு ஓவென்று அழ ஆரம்பித்தேன். அத்தனை காலத்துக்குப் பிறகு என் காதில் விழுந்த முதல் தமிழ்க் குரல் அது. அது நாயைக் கூப்பிட்டது என்பது எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும். இருந்தாலும் கால் ஓடியது. இன்றுவரை டைகர் என்னை இழுத்தானா, நான் அவனைத் துரத்தினேனா என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

டாக்டர் கத்தரியோடு வந்து முந்தானையை வெட்டிவிட்டார். ஒரு முழத் துணி டைகரின் காலில் கொடிபோல் தொங்கியது. அதிகாரி காற்சட்டையைத் துடைத்தபடியே தீர்ப்புச் சொன்னார்: “கை நன்றாக இருக்கிறது. புத்தி இடத்தில் இல்லை.” பக்கவாசல் மூடிக்கொண்டது.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. இன்னொரு வருடம் இருந்தால் மறுபடி கேட்டுப் பார்க்கலாம் என்றார். நல்ல மனிதர். நான் பனிக்குள் பாதி மறைந்திருந்த என் அறையைப் பார்த்தேன். “வீட்டுக்குப் போறேன் சேர்,” என்றேன். அவர், டைகரின் கட்டைத் தோட்டத்திலேயே நான் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவனையும் அனுப்பிவைத்தார். மெனிக்கே ஓடிவந்து வாழையிலையில் ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தார். கண் கலங்கியிருந்தார். பிரித்தால், சம்பல். அந்தம்மாவோடு ஒருநாளாவது பேச முயன்றிருக்கலாமே என்று அப்போதுதான் உறைத்தது.

நானுஓயா தாண்டி, லிந்துலை தாண்டி, தோட்டத்து வளைவு வரைக்கும் நான் பேசிக்கொண்டே வந்தேன். டிரைவர் பேச இடமே கொடுக்கவில்லை. இறங்கும்போதுதான் கேட்டார், “நாளைக்கு டைகரு கட்டைப் பாக்க வருவீங்கதானே?”

போனேன். கட்டைப் பிரித்த பிறகும் போனேன். துரைசாணி பங்களா மாட்டுப்பட்டிக் கன்றுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தார். சான்றிதழ் எதுவும் இல்லாமலே, சுற்றுத் தோட்டங்களில் மாடு கன்று போட முடியாமல் தவித்தால் என்னைத்தான் கூப்பிட்டார்கள். டிரைவரைக் கட்டிக்கொண்டேன்.

கல்யாணம், காதுகுத்து, எந்த விசேஷத்திலும் யாராவது எங்களிடம், “நீங்க எப்படிச் சந்திச்சீங்க?” என்று கேட்டுவிட்டால் போதும். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு சொல்வார்: “சத்தியமா நான் நாயைத்தாங்க கூப்பிட்டேன்.” வீடே சிரிக்கும். நான் கோபம்போல முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

போன மாதம் பேத்திக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர் என்னிடம் அதே கேள்வியைக் கேட்டார். பிள்ளைகள் எல்லாரும் பழக்கதோஷத்தில் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்கள். அது காலியாக இருந்தது.

நானே தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் குரலில் சொன்னேன்: “சத்தியமா நான் நாயைத்தாங்க கூப்பிட்டேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.