தயிர்சாதத்துக்கு நைட் ஷிப்ட்

“நான் எக்செல்லுன்னு அமுக்குனா, அது ஏன் தம்பி பஞ்சிங் மெஷின்ல இருந்து எடுக்குது?” என்று பர்சனல் ஆபீசர் ருக்மணி மேடம் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

கமலக்கண்ணனிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. ஓசூர் சிப்காட்டில் அவன் வேலை பார்த்த அந்தக் கம்பெனிக்கு ஷிப்ட் போடும் சாஃப்ட்வேரை எழுதியவன் அவன்தான். விவரத்தை எங்கிருந்து எடுக்கலாம் என்று அது பணிவாகக் கேட்கும். பஞ்சிங் மெஷினா, எக்செல் ஷீட்டா என்று இரண்டையும் காட்டும். எதை அமுக்கினாலும் மெஷினிடமே ஓடிவிடும். ‘ஆளுக்கு எதற்குச் சிரமம், நாமே கண்டுபிடித்துக்கொள்வோம்’ என்று அவன் வைத்த அதிமேதாவித்தனம் அது.

மெஷினில் இருந்தது, போன மாதம் யார் எந்த ஷிப்டில் வந்தார்கள் என்ற விவரம். எக்செல்லில் இருந்தது, இந்த மாதம் எந்த ஷிப்ட் வேண்டும் என்று தொழிலாளர்கள் எழுதி, கேட்டில் செக்யூரிட்டி மாதப்பனின் பெட்டியில் போட்ட விருப்பம். ஆக மூன்று மாதமாக யாருக்கும் கேட்ட ஷிப்ட் கிடைக்கவில்லை. கமலக்கண்ணனுக்கும்தான்.

அவனுக்கு இரண்டாவது ஷிப்ட். இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கும் மோகனப்ரியாவுக்கு முதல் ஷிப்ட். மதியம் இரண்டு மணிக்கு அவள் வெளியே போக அட்டை தேய்ப்பாள். அவன் உள்ளே வர அட்டை தேய்ப்பான். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம், அதுவும் வரிசையில். ஜூன் மாதம் ஒருநாள், “இன்னைக்கும் மெஷின் மக்கர் பண்ணுதுங்களா?” என்று அவனிடம் கேட்டாள். ஆகஸ்ட் வரை அந்த ஒரு கேள்வியை வைத்தே அவன் காலம் தள்ளினான். அவள் ஷிப்டிலேயே இருந்தால் கேன்டீனில் எதிரே உட்காரலாம். பேரிகைக்கு அவள் போகும் கம்பெனி பஸ் வரைக்கும் கூட நடக்கலாம். இந்த ஏக்கத்தில் மூன்று மாதமாக முதல் ஷிப்ட் கேட்டு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தான்.

“அந்த ஷீட்டக் குடுங்க மேடம், வச்சுப் பாத்துச் சரி பண்றேன்.”

“அது மத்தவங்க சொந்த விஷயம். நீ உன் சாஃப்ட்வேர மட்டும் பாரு.”

முதல் வைத்தியமாக மெஷினின் வயரைப் பிடுங்கினான். சாஃப்ட்வேர் மெஷினைத் தேடித் தேடி அப்படியே நின்றுபோனது. அன்று வேலைக்கு வந்த முந்நூறு பேருக்கும் ஆப்சென்ட் விழுந்தது. யூனியன்காரர்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அடுத்து, எக்செல் என்று அமுக்கினால் கண்ணில் படும் முதல் எக்செல்லைத் திறக்கும்படி மாற்றினான். கண்ணில் பட்டது கேன்டீன் ஷீட். சாம்பார்சாதம் கேட்டவர்களுக்கு முதல் ஷிப்டும், தயிர்சாதம் கேட்டவர்களுக்கு நைட் ஷிப்டும் விழுந்தன.

“யோவ், எனக்கு அல்சருய்யா! தயிர்சாதம் தின்னதுக்கு நைட் ஷிப்டா?” என்று லேத் முனிராஜ் சட்டையைப் பிடிக்காத குறை.

“நான் சொன்னதச் செய்யட்டும்னுதானே கேட்டேன் தம்பி?” என்றார் ருக்மணி மேடம். “அதுக்குத் தோணுனதச் செய்யச் சொல்லலியே.”

அது சுருக்கென்று தைத்தது. கமலக்கண்ணன் தன் அதிமேதாவித்தனம் முழுவதையும் அழித்தான். மேடம் எதைக் காட்டுகிறாரோ அதை மட்டும் திற, இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டு நில். அவ்வளவுதான். சாஃப்ட்வேர் முதன்முறையாகச் சொன்ன பேச்சைக் கேட்டது. ஆளுக்கொரு சீட்டு அச்சாகி வந்தது. அவன் சீட்டில் முதல் ஷிப்ட்!

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, ஓசூர்க் குளிரில் புதுச் சட்டையோடு வந்து நின்றான். வரிசையில் அவள் இல்லை. லீவாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். கேன்டீனில் எதிரே முனிராஜ் உட்கார்ந்து சாம்பார்சாதம் சாப்பிட்டார்.

இரண்டு மணிக்கு வெளியே போக அட்டையை எடுத்தபோது, தலை நிறையப் பூவோடு மோகனப்ரியா உள்ளே வந்தாள். அவனைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது.

“நீங்க... முதல் ஷிப்டுங்களா?”

“ஆமாங்க.”

அதற்குள் பின்னால் நின்றவர்கள் அவளை நெட்டித் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அதே வரிசை, அதே பத்து நிமிஷம். கமலக்கண்ணனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

கேட்டில் மாதப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

“என்னங்க சார் இப்படிப் பண்ணிட்டீங்க? மூணு மாசமா அந்தப் பொண்ணு உங்க ஷிப்டு எதுன்னு என்கிட்டக் கேட்டுக் கேட்டுத்தானே, ரெண்டாவது ஷிப்டு வேணும்னு எழுதிப் பொட்டியில போட்டுச்சு!”