ஃப்ளாப்பிக்கு முதல் பக்கம் எது?

எதையும் மூன்று தடவை செய்துவிட்டால் தப்பே வராது என்று முப்பத்தைந்து வயது வரை நம்பியிருந்தேன். கேஸை மூடினேனா என்று மூன்று தடவை பார்ப்பேன். மகள் நித்யாவின் பள்ளிப் பையை மூன்று தடவை திறந்து மூடுவேன். (மூன்றாவது தடவைதான் டிபன் பாக்ஸை வெளியே எடுத்து வைத்துவிட்டு மறந்துபோவேன்.) அந்த நம்பிக்கை சிவாஜிநகரில், ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில், ஒரே மணி நேரத்தில் போனது.

அப்போது ஜோகுபாளையத்தில் குடியிருந்தோம். பத்து வருஷம் பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். ஊரே கம்ப்யூட்டர் பக்கம் ஓடுகிறதே என்று, வேலையை விட்டுவிட்டு ஆறு மாதப் படிப்பில் சேர்ந்தேன். உடன் படித்தவர்கள் எல்லாம் நேற்றுக் கல்லூரி முடித்த பிள்ளைகள். முதல் நாளே என் பெயர் ஆன்ட்டி. சொல்லிக்கொடுத்த கிரீஷ் என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவர் உள்ளே வந்தால் பழக்க தோஷத்தில் எழுந்து நிற்பேன். அவர் பதறிப்போய், "கூத்கோளி மேடம், கூத்கோளி" என்று கன்னடத்தில் கெஞ்சி உட்காரவைப்பார்.

என் ராஜினாமாவை வாங்கிக்கொண்ட ஹெட்மிஸ்ட்ரஸ், "தசரா லீவு வரைக்கும் டெம்பரரியா ஒருத்தர போட்டுக்கறேன் கௌரி. அதுக்குள்ள நீங்களே திரும்பி வந்துடுவீங்க" என்று சிரித்திருந்தார். அந்தச் சிரிப்பின் முன்னால் மறுபடி போய் நிற்காமல் இருக்கவாவது எனக்கு வேலை கிடைத்தாக வேண்டும்.

படிப்பின் முடிவில் ஒரு டெமோ. ஒரு கம்பெனியிலிருந்து வந்து பார்த்து, பிடித்தவர்களை வேலைக்கு எடுப்பார்கள். குழந்தையின் பிறந்த தேதியைக் கொடுத்தால் எந்தத் தடுப்பூசி என்றைக்கு என்று சொல்லும் புரோகிராம் என்னுடையது. அதை மூன்று ஃப்ளாப்பிகளில் ஏற்றி வைத்தேன். (ஃப்ளாப்பியைப் பார்த்திராதவர்களுக்கு: உள்ளங்கை அளவு சதுரமான பிளாஸ்டிக் வில்லை. அதன் ஓரத்துத் தகரக் கதவைத் தள்ளினால் உள்ளே கறுப்பாக ஒரு வட்டு தெரியும். நம் பிழைப்பு அதில்தான்.)

டெமோவுக்கு இரண்டு நாள் முன்னால் ஆயுதபூஜை. நித்யாவின் புத்தகங்கள், கணவரின் ஸ்கூட்டர் சாவி, அரிவாள்மனை, இவற்றோடு மூன்று ஃப்ளாப்பிகளும் சாமி முன்னால் வரிசையாக உட்கார்ந்தன. எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள், ஃப்ளாப்பியிடம் வந்ததும் நின்றேன்.

"ஏங்க, இதுக்கு எங்க வெக்கறது?"

"மேலயே வெய்யேன்."

"மேல இருக்கறது வெறும் லேபிள். புஸ்தகத்துக்கு அட்டையிலயா வெக்கறோம்? முதல் பக்கத்துலதானே?"

கணவர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு முதல் பக்கம் எது?"

தகரக் கதவைத் தள்ளிக் காட்டினேன். "இதோ."

மூன்றுக்கும் பாரபட்சமில்லாமல் கெட்டிச் சந்தனம், நடுவில் குங்குமம். கதவு டக்கென்று மூடிக்கொண்டது. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது. வீட்டில் கம்ப்யூட்டரும் கிடையாது. (என் வாழ்க்கையில் நான் சரிபார்க்காமல் விட்ட ஒரே பொருள்.)

டெமோ அன்று செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏசி அறைக்குள் போனேன். கம்பெனியிலிருந்து வந்தவர் வசந்தி என்ற பெண். என்னைவிட இளையவர். முதல் ஃப்ளாப்பியைச் செருகினேன். மிக்ஸியில் கல் விழுந்தது போலச் சத்தம். திரையில் ஒன்றும் வரவில்லை.

"டிரைவ் சரியில்ல மேடம், பக்கத்து மெஷின்ல போடுங்க" என்றார் கிரீஷ்.

இதற்காகத்தானே மூன்று வைத்திருக்கிறேன்! பெருமையோடு இரண்டாவதை எடுத்தேன். அதே சத்தம். மூன்றாவது மெஷினுக்கு மூன்றாவது. அதற்குள் ஷபானா என்ற மாணவி முதல் மெஷினில் தன் ஃப்ளாப்பியைப் போட்டு எடுக்க, அது பொட்டு வைத்துக்கொண்டு வெளியே வந்தது.

"ஆன்ட்டி! உங்க கம்ப்யூட்டர் என் ஃப்ளாப்பிக்குக் குங்குமம் வெச்சிருக்கு!"

கிரீஷ் காற்றை மோந்து பார்த்தார். "என்ன மேடம் இது, லேப்புல தேவஸ்தானம் வாசனை வருது?"

உண்மையைச் சொன்னேன். அறையே சிரித்தது. வசந்தி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு, "எழுதி வெச்சது ஏதாவது இருக்கா?" என்றார்.

பிரவுன் அட்டை போட்ட நோட்டை நீட்டினேன். ஹெட்மிஸ்ட்ரஸின் சிரிப்பு காதில் கேட்டது. மார்ஜின் போட்டுக் கையால் எழுதியிருந்த புரோகிராமை எல்லாம் தாண்டி, வசந்தி கடைசிப் பக்கங்களுக்குப் போய்விட்டார். அங்கே 'என்னென்ன தப்பாகலாம்' என்ற தலைப்பில் நாற்பத்தொரு கவலைகள். பிறந்த தேதிக்கு நாளைய தேதியைக் கொடுத்துவிட்டால்? இரட்டைக் குழந்தையானால்? இன்னும் பெயரே வைக்காத குழந்தையானால்? பிப்ரவரி இருபத்தொன்பதில் பிறந்திருந்தால்?

"இதெல்லாம் யார் எழுதச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலீங்க. பயம் வந்தா எழுதுவேன்."

"எவ்ளோ நாளா?"

"பயமா? கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்தே."

வசந்தி பொத்திய கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். "எங்க பசங்க எழுதற புரோகிராம்ல தப்பு கண்டுபிடிக்க ஆள் தேடிட்டிருக்கேன். எல்லாரும் ரொம்ப தைரியசாலிங்களா வர்றாங்க. இவ்ளோ பயந்தவங்க இன்னிக்குத்தான் கெடைச்சிருக்காங்க. மூணு மெஷின வேற ஒரே மூச்சுல படுக்க வெச்சிருக்கீங்க. திங்கக்கெழம வாங்க." பிறகு என் பேனாவையே வாங்கி, பட்டியலில் நாற்பத்திரண்டாவதாகச் 'சந்தனம்' என்று எழுதினார்.

இப்போதும் ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் என் கணவர் சந்தனக் கிண்ணத்தோடு லேப்டாப்பை ஒரு சுற்று சுற்றிவந்து, ஓரத்து ஓட்டைகளைக் குனிந்து பார்த்து, பயபக்தியோடு கேட்பார்: "கௌரி, இதுக்கு முதல் பக்கம் எது?"

நித்யா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடுவாள். அவள் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டாளா என்று நான் மூன்று தடவை போய்ப் பார்ப்பேன்.