மைனஸ் முந்நூறு நத்தை

புந்தா பர்தா குப்பம், சிலி
ஆகஸ்ட் 9

பாசமுள்ள தங்கை மகள் யாஸ்னாவுக்கு, மாமா எலியோதோரோ எழுதுவது. நான் நலம், மூட்டுவலியும் நலம். நீ பல்கலைக்கழகத்திலிருந்து அனுப்பிய பழைய கணினிக்கும், இரை எத்தனை, அதைத் தின்னும் உயிர் எத்தனை என்று கணிக்கும் அந்த இரண்டு சமன்பாடுகளுக்கும் நன்றி சொல்லவே இக்கடிதம். தாமதத்துக்குக் காரணம், அவை பலித்தனவா என்று எனக்கே உறுதியில்லாததுதான்.

சென்ற ஆண்டு மீனவர் சங்கம், நல்ல விலைபோகும் லோகோ என்ற கடல் நத்தையை எடுக்கலாமா, ஓராண்டு விட்டுவைக்கலாமா என்று ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான என்னைக் கேட்டது. தப்பாகச் சொன்னால் நாற்பது குடும்பங்களின் பிழைப்பு போகும். முக்குளிப்பவர்கள் ஏழு பேரும் பாறை பாறையாக எண்ணி வந்ததை, நத்தைக்கு ஒரு பத்தி, அது தின்னும் சிப்பிக்கு ஒரு பத்தி என்று எழுதிச் சமன்பாட்டில் போட்டேன். முதல் விடை, டிசம்பருக்குள் நான்கு கோடி நத்தை. பிறப்பு விகிதத்தைக் குறைத்தேன்; மைனஸ் முந்நூறு வந்தது. மறைக்கத் தெரியாமல் அதையும் கூட்டத்தில் வாசித்துவிட்டேன்.

"வாத்தியாரே, மைனஸ் முந்நூற நான் எப்படிப் பிடிக்கிறது? வீட்லேர்ந்து முந்நூறு கொண்டுபோய்க் கடல்ல போட்டுட்டு வரணுமா?" என்றான் முக்குளிக்கும் நிபால்தோ.

சிரிப்பு அடங்கியதும், மறுபடி திருத்திப் போட்டதில் வந்த மூன்றாம் விடையைச் சொன்னேன்: இப்போது எடுத்தால் அடுத்த ஆண்டு இருக்காது.

"நிச்சயமாவா?" என்றார் சங்கத் தலைவி உபெர்லிந்தா.

"நிச்சயமாத் தெரியலம்மா."

"தலைநகர்லேர்ந்து வந்தவங்க எல்லாரும் நிச்சயமாத்தான் சொன்னாங்க, அதான் இப்படி நிக்கிறோம். தெரியலன்னு சொன்ன முதல் ஆளு இவருதான். விட்டுவைக்கலாம்னு நினைக்கிறவங்க கையத் தூக்குங்க."

தூக்கினார்கள். ஓராண்டு முழுக்கக் கடற்பாசியை உலர்த்தி விற்று, மிச்சத்தைத் தின்று, என்னைக் கண்டால் தட்டைக் காட்டினார்கள். இந்த வாரம் கடலில் இறங்கினார்கள். படகுகள் விளிம்புவரை தாழ்ந்து திரும்பின. நிபால்தோ நனைந்த உடையோடு என்னைக் கட்டிப்பிடித்தான். என் வாசலில் ஒரு கூடை நத்தை. எல்லாம் உன்னால் அம்மா.

உன் ஆய்வேடு நல்லபடி கரைசேரட்டும். உன் அம்மாவுக்கு என் முத்தங்கள்.

அன்புடன்,
எலியோதோரோ மாமா

பி.கு.: உறையை ஒட்டுமுன் நிபால்தோ வைனோடு வந்தான். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க வாத்தியாரே, போன வருஷம் என் ரகசியப் பாறைய மட்டும் நான் எண்ணல," என்றான். கடிதத்தை ஒட்டாமல் நிறுத்திவைத்து, மற்ற ஆறு பேரையும் தனித்தனியே விசாரித்தேன். ஆளுக்கொரு பாறையை மறைத்திருக்கிறார்கள். ஏழும் ஒரே பாறை, கலங்கரை விளக்குக்குப் பின்னால் இருப்பது. அதைச் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். சென்ற ஆண்டே தாராளமாக எடுத்திருக்கலாம் என்று வருகிறது. நாற்பது குடும்பம் பாசி தின்றது வீண். உன் சமன்பாட்டில் குற்றமில்லை, என் நன்றி அப்படியே இருக்கட்டும். ஆனால் தலைவியிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடல் வற்றும் ஞாயிறுகளில் நான் இரண்டு நத்தை எடுப்பதும் அங்கேதான். பட்டியலில் அந்தப் பாறை இல்லாததை நான் அன்றே கவனித்தேன். அந்த இடம் வேறு யாருக்கும் தெரியவில்லை என்று நிம்மதியாக இருந்தது.