ஏரிய அளக்கச் சொல்லி நான் குடுத்த மனு

அன்னிக்கு ஞாயித்துக்கெழம. எனக்கு ஒரே வேலை. தெருவுல அம்பது கையெழுத்து வாங்கணும். மறுநாள் திங்கக்கெழம, மனு குடுக்குற நாளு.

எங்க தெரு நெமிலிச்சேரி ஸ்டேஷன்ல இருந்து பத்து நிமிஷ நடை. தெரு முடியுற எடத்துல ஏரி. அதாவது, நாங்க ஏரின்னு சொல்லிக்கிறோம். டெய்லி ஒரு டிராக்டர் வந்து, ஊடு இடிச்ச செங்கல்லும் மண்ணும் கொட்டிட்டுப் போவும். நீர்க்காக்கா ரெண்டு அந்தக் குவியல் மேல ஏறி நின்னு, தண்ணி எங்கன்னு தேடிகினு இருக்கும்.

மனுல மூணு கோரிக்கை எழுதினேன். ஒண்ணு, பழைய ரெக்கார்டுபடி ஏரிய அளந்து எல்லைக்கல் நடணும். ரெண்டு, ஆக்கிரமிப்பு யாரோடதா இருந்தாலும் எடுக்கணும். மூணு, ஜனங்க உக்காந்து ஏரியப் பாக்க ஒரு எடம் வேணும்.

ரெண்டாவதுல 'எந்தவிதப் பாரபட்சமும் இன்றி'ன்னு சேத்து, அடியில கோடு வேற போட்டேன். காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன்ல, அந்தத் திமிரு.

மொத ஊடு கமலாக்கா. டிபன் கடை வெச்சிருக்காங்க.

"போட் உடுவாங்களா?"

"அக்கா, மொதல்ல தண்ணி நிக்கட்டும்."

"போட் இல்லன்னா இன்னாத்துக்கு ஏரி?"

"உன் போர்ல தண்ணி வர்றதுக்கு. இல்லன்னா சட்னிய எதுல கரைப்ப?"

"கோச்சிக்காதடி. குடு, போடுறேன். போட்டையும் சேத்துக்கோ."

அடுத்த ஊடு, ஃபேக்டரில வேலை பாத்து ரிட்டயர் ஆன சார். மனுவ ரெண்டு தடவ படிச்சாரு.

"சுத்தி டைல்ஸ் போட்டு நடைபாதை வேணும்னு எழுதும்மா. எனக்கு முட்டி வலி."

"ஏரிய சுத்தி டைல்ஸ் போட்டா அது ஏரி இல்ல சார். பெரிய சைஸ் பாத்ரூம்."

"உனக்கு வாய் ஜாஸ்தி"ன்னு சொல்லிட்டுப் போட்டாரு.

அப்புறம் எங்க பக்கத்து ஊடு. வாட்டர் கேன் போடுற செல்வம் அண்ணாத்தே. அவரு பின்பக்க காம்பவுண்டு ஏரிக்குள்ள நீட்டிகினு கீதுன்னு எனக்குப் பல வருஷ சந்தேகம்.

"அண்ணாத்தே, யோசிச்சுப் போடு. அளக்க வந்தா மொத கல்லு உன் காம்பவுண்டு உள்ளதான்."

"அப்டியா பாப்பா?"

"நாலடி ஏரிக்குள்ள கீற நீ. நானே காலால அளந்தேன்."

"உன் காலாலயா?"

"ஆமா."

சிரிச்சுகினே போட்டாரு. திருட்டுப் பய எதுக்கு சிரிக்கிறான்னு நான் அங்கயே யோசிச்சிருக்கணும்.

மொத்தம் அம்பத்து மூணு. மேல மொத கையெழுத்து என்னுது.

மூணு வாரம் கழிச்சு சர்வேயர் வந்துட்டாரு. நெசமாவே வந்துட்டாரு. வரலன்னா சண்ட போட நான் ரெடி பண்ணி வெச்சிருந்த வசனமெல்லாம் வேஸ்ட்டு. கையில மேப்பு, டேப்பு. பின்னாடி ஒரு மினி வேன் நெறைய கல்லு.

தெருவே கூடிடுச்சு. கமலாக்கா பாதி கடைய மூடிட்டு வந்தாங்க. செல்வம் அண்ணாத்தே ஓடிவந்து டேப்போட ஒரு முனைய வாங்கிகினாரு. "நான் புடிக்கிறேன் சார். நம்ம பாப்பா மனு."

மொத அவரு காம்பவுண்ட அளந்தாங்க.

"பட்டாவுக்கு உள்ளயே ரெண்டடி தள்ளிக் கட்டியிருக்காரு. கரெக்ட்டு"ன்னாரு சர்வேயர்.

"நல்லாப் பாருங்க சார்"ன்னேன்.

"நல்லாதாம்மா பாத்தேன். ஏரி இங்க இருந்து வளையுது. இப்படி..."

டேப்பு வளைஞ்சு எங்க சந்துல நொழஞ்சுது. தொவைக்கிற கல்லத் தாண்டுச்சு. எங்க பாத்ரூம் கதவாண்ட நின்னுச்சு.

"இதுக்கு அந்தாண்ட எல்லாம் ஏரி. யாரு வீடு இது?"

மொத்தப் பேரும் ஒரே கொரல்ல பதில் சொன்னாங்க. ஏரி விஷயத்துல எங்க தெரு ஒத்துமையா இருந்தது அன்னிக்குத்தான்.

நான் ஒண்ணாங்கிளாஸ் படிக்கும்போது அப்பா கட்டின பாத்ரூம் அது. உள்ள பக்கெட்டு, ஹீட்டரு, என் ஷாம்பு பாட்டில். எல்லாம் ஏரிக்குள்ள கீது.

அம்மா என் காதாண்ட வந்தாங்க. "வாபஸ் வாங்குடி. தெரியாம எழுதிட்டேன்னு சொல்லு. ஊட்ல கீறது அது ஒண்ணுதான்."

அப்பா டூட்டில இருந்தாரு. போன் பண்ணிச் சொன்னேன்.

"லீவு நாளுல நானே வெச்ச செங்கல்லு அது"ன்னாரு. அப்புறம், "மனு நீதான் எழுதுனியா?"

"ஆமாப்பா."

"அப்ப நீயே பேசிக்கோ"ன்னு வெச்சிட்டாரு.

சர்வேயர் மனுவ எடுத்து எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிச்சாரு. "'எந்தவிதப் பாரபட்சமும் இன்றி.' கோடு வேற போட்டிருக்கு. மனுதாரர் நீங்கதானே? என்ன சொல்றீங்க?"

வாபஸ் வாங்கினா பாத்ரூம் தப்பிச்சிடும். டிராக்டரும் தப்பிச்சிடும். நீர்க்காக்கா செங்கல் மேலயே நிக்கும். செல்வம் அண்ணாத்தே டேப்ப உடாம என் மூஞ்சியே பாத்துகினு நின்னாரு.

"கல்ல நடுங்க சார்"ன்னேன்.

அதோட நிறுத்தியிருக்கலாம். "ஆழமா நடுங்க"ன்னு வேற சொன்னேன்.

பாத்ரூம இடிச்சாச்சு. ஏரிய சுத்தி கல்லு நின்னதுல இருந்து டிராக்டர் வரதில்ல. அப்பா முன்பக்கம் புதுசா கட்டுறாரு, என்கிட்ட பேசாமலே. அது முடியுற வரைக்கும் காலைல பக்கெட்டோட நான் செல்வம் அண்ணாத்தே ஊட்டுக்குத்தான் குளிக்கப் போறேன். அவரு கதவத் தொறந்து உட்டுட்டு, வாசல்ல தன் காலால நாலடி அளந்து காட்டுறாரு.

சொவரு போனதுல, எங்க கொல்லையில இருந்து பாத்தா ஏரி முழுசா தெரியுது. சாயங்காலமானா தெருவே அங்கதான். கமலாக்கா போண்டா எடுத்துகினு வர்றாங்க. ரிட்டயர்டு சார் தொவைக்கிற கல்லு மேல உக்காந்து, இடிச்சது போக மிச்சம் கீற பாத்ரூம் தரையப் பாத்து, "டைல்ஸு நல்லா இருக்கும்மா"ங்கிறாரு.

மூணாவது கோரிக்கையும் நெறவேறிடுச்சு.