பேக்கரி அடுப்பில் வெந்த கொடுவா

கிழக்குத் தாம்பரம்,
செப்டம்பர் 1973

பேரன்புக்குரிய மச்சான் சுந்தர்சிங் அவர்களுக்கும், ரத்தினபாய் அக்காவுக்கும் தனசிங் தாழ்மையுடன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே உங்கள் தங்கை தபீதாள் சுகம். நானும் சுகம்தான் என்று டாக்டர் சொல்கிறார். நாகர்கோவிலில் நீங்கள் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க இருவரும் ஜெபித்து வருகிறோம். நிற்க.

நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனதாகத் தபீதாள் உங்களுக்கு எழுதியிருக்கிறாள் என்று அறிந்தேன். தள்ளியது உண்மை. தட்டில் என்ன இருந்தது என்பதை அவள் எழுதியிருக்க மாட்டாள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறும்போது நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. நானும் படியில் உட்கார்ந்துவிட்டேன். தபீதாள் காய்கறிப் பையைப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள், தக்காளியெல்லாம் உருண்டு பிளாட்பாரத்துக்குப் போய்விட்டது. டாக்டர் தட்சிணாமூர்த்தி மெஷின் வைத்துப் பார்த்துவிட்டு எண்ணெய் கூடாது, தேங்காய் கூடாது, முட்டையில் மஞ்சள் கூடாது, உப்பு பாதி என்று அடுக்கிக்கொண்டே போனார். தேங்காய் இல்லாமல் உயிரோடு இருந்த நாகர்கோவில்காரன் எவனாவது உண்டா மச்சான்? "மீனாவது சாப்பிடலாமா டாக்டர்?" என்று கேட்டேன். "தாராளமா சாப்பிடுங்க. வறுக்கக் கூடாது, தேங்காய் அரைச்சு குழம்பு வைக்கக் கூடாது. பேக் பண்ணுங்க. கூட உருளைக்கிழங்கைத் தோலோட சுட்டு வச்சுக்குங்க. வெள்ளைக்காரன் அப்படித்தான் சாப்பிடறான்" என்றார். வெள்ளைக்காரன் எதில் சாகிறான் என்று கேட்க வாயெடுத்தேன், தபீதாள் தொடையில் கிள்ளிவிட்டாள்.

வீட்டில் பேக் பண்ணுகிற அடுப்பு ஏது? கிறிஸ்மஸ் கேக் சுடுகிற மாதிரி அண்டாவில் மணலைக் கொட்டி, உள்ளே மீனை வைத்து மூடி, மூடிமேல் தணலைப் போட்டாள். கேக் அடக்கமாக வேகும், மீன் அப்படியில்லை. அது தண்ணீர் விட்டது, இவள் வெந்ததா என்று திறந்து திறந்து பார்த்தாள், திறக்கும்போதெல்லாம் சாம்பல் உள்ளே விழுந்தது. கடைசியில் அடியில் கரி, மேலே பச்சை, நடுவில் மணல். உருளைக்கிழங்கு தண்டவாளத்துச் சரளைக்கல் மாதிரி இருந்தது. அந்தத் தட்டைத்தான் மச்சான் தள்ளினேன். "இதைத் தின்னுட்டு உயிரோட இருந்து என்ன பண்றது?" என்றும் சொல்லிவிட்டேன். வழக்கமாக ஒன்றுக்கு நாலு சொல்கிற உங்கள் தங்கை அன்று எழுந்து வெளியே போய்விட்டாள். கொல்லையில் துணி துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்துகொண்டாள். பின்னாலேயே போனேன். "படியில உக்காந்தப்ப உங்க கை எப்படிச் சில்லுன்னு இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. புடிச்சிருந்த எனக்குத்தான் தெரியும். ராத்திரியில எத்தனை தடவை முழிச்சு அந்தக் கையைத் தொட்டுப் பாக்கறேன்னும் உங்களுக்குத் தெரியாது" என்றாள். ரயில்வே கணக்கு ஆபீஸில் எத்தனையோ அதிகாரிகளை எதிர்த்துப் பேசிய நான், அவள் பக்கத்தில் அதே கல்லில் உட்கார்ந்துகொண்டேன்.

ஆகையால் சனிக்கிழமை ஒரு கொடுவா மீனை வாங்கி, மிளகும் பூண்டும் எலுமிச்சம்பழச் சாறும் தடவி, சுற்றிலும் உருளைக்கிழங்கை வெட்டி அடுக்கி, "பேக்கரிக்குக் கொண்டு போகலாம், வாங்க" என்று அவள் சொன்னபோது, நானே தட்டைத் தூக்கிக்கொண்டேன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் லாசரஸ் பேக்கரி இருக்கிறது. லாசரஸ் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாமா இது? கேக் மாவு கொண்டாந்தா சுட்டுத் தர்றேன், மீனைத் தூக்கிகினு வந்துகீறீங்களே! நாளைக்கு பன்னு மீன் வாசனை அடிச்சா ஊரே என்னைப் பேஜார் பண்ணிடும்" என்றான். தபீதாள் வாதாடவில்லை. "அண்ணே, இவருக்கு நெஞ்சு சரியில்ல" என்றாள், அவ்வளவுதான். லாசரஸ் என்னை மேலும் கீழும் பார்த்தான், ஏதோ நான் இன்றோ நாளையோ என்பது போல. "சர்தான், ரொட்டியெல்லாம் எடுத்தப்புறம் கடைசியா வெக்கிறேன். சாய்ங்காலமா வந்து எடுத்துக்குங்க" என்றான். வருகிற வழியிலேயே தபீதாள் டாக்டரையும் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டாள். அவர் சொன்னபடியே செய்கிறோம் என்று அவர் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

சாயங்காலம் நான் போய்த் தட்டை வாங்கிச் சைக்கிள் ரிக்‌ஷாவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தால், ரயில்வே கேட் மூடியிருக்கிறது. ஒரு கூட்ஸ் வண்டி ஊர்ந்து ஊர்ந்து போகிறது. அடியில் துண்டையும் பேப்பரையும் மடித்து வைத்தும் சூடு இறங்கி, மீன் வெந்தது போதாதென்று என் தொடையும் வேக ஆரம்பித்தது. வாசனையோ அபாரம்! பக்கத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, "எந்த ஹோட்டல் சார்?" என்றார். "ஹோட்டல் இல்ல சார், பத்தியச் சாப்பாடு" என்றேன். அவர் நம்பவில்லை. ரிக்‌ஷாக்காரர் துரை, "இந்த வியாதி எனக்கு வந்தாலும் பரவால்ல சார்" என்றார். எங்களுக்குப் பின்னாலேயே ரெண்டு நாய் வீடு வரைக்கும் வந்தன.

டாக்டர் வந்தார். முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. அவர் சம்சாரம் அவருக்கும் இதே பத்தியம் போட்டிருக்கிறார்களாம், எங்கள் வீட்டிலாவது வறுத்த மீன் கிடைக்கும் என்று நம்பி வந்திருக்கிறார், பாவம். வேண்டாவெறுப்பாக ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் அப்போதுதான் வாயில் போட்டிருந்தேன். மச்சான், சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு மீனை நான் சாப்பிட்டதே இல்லை. பூப்பூவாக வருகிறது, உருளைக்கிழங்கு மேலே மொறுமொறு, உள்ளே வெண்ணெய். டாக்டர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "பாத்தீங்களா மிஸ்டர் தனசிங், எண்ணெயே இல்லாம என்ன ருசி! என் மிஸஸை இங்க அனுப்பி வைக்கிறேன், அம்மா கத்துக் குடுக்கட்டும்" என்றார். தபீதாள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்று ராத்திரி அவள் அசந்து தூங்கினாள். ஒரு தடவைகூட என் கையைத் தேடவில்லை.

ஆகவே நான் திருந்திவிட்டேன். இனி வாரம் ஒருமுறை கொடுவாதான். உங்கள் வயிறும் சட்டைப் பொத்தானைத் தெறிக்க வைக்கிற நிலையில் இருப்பதால், அக்காவிடம் சொல்லி நீங்களும் எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்துவிடும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன். ஆண்டவர் உங்கள் வீட்டையும் வயலையும் ஆசீர்வதித்துக் காப்பாராக.

இப்படிக்கு, நீதிபோதனை செய்யும் தகுதி பெற்றுவிட்ட உங்கள் மைத்துனன்,
தனசிங்

பி.கு.: கவரை ஒட்டிவிட்டேன். பிரித்து எழுதுகிறேன். தபாலாபீஸ் போகிற வழியில் லாசரஸ் கூப்பிட்டு, "மீன் எப்டி சார் இருந்துச்சு?" என்றான். பிரமாதம் என்றேன். "பின்ன? வெறுமனே வெச்சா காஞ்சு கட்டையாப் போய்டும் சார். அம்மா கண்ணு கலங்கி நின்னாங்களா, மனசு கேக்கல. டால்டாவை உருக்கி ஊத்திக்கினே இருந்தேன். கெயங்குக்குத் தனியா ஊத்துனேன்" என்றான். எவ்வளவு ஊற்றினாய் என்று கேட்டேன். "உங்க உயிரை விடவா சார் டால்டா பெரிசு?" என்றான்.

அடுத்த சனிக்கிழமை சொட்டு டால்டா படக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். ஆகவே கட்டைதான் வரும். அதை முகம் மாறாமல் மென்று, "போன வாரத்தை விட இது அருமை" என்று நான் சொல்ல வேண்டும். அவள் தூக்கம் அதில்தான் இருக்கிறது. டாக்டரும் சம்சாரத்தோடு வருகிறார், அவரை நினைத்தால்தான் எனக்கு வேதனையாக இருக்கிறது. இந்தக் கடைசிப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், தபீதாளுக்கு மூச்சு விடாதீர்கள். எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்திருந்தால் அவசரப்படாமல் நிமிர்த்தி வையுங்கள்.